நிகழ்வின் தன்மை: வேறு

பிரதேச சபை மண்டபத்தை முன்பதிவு செய்யும் படிவத்தில் ஐந்தாவது கட்டம் ‘நிகழ்வின் தன்மை’. அதற்குக் கீழே திருமணம், பூப்புனித நீராட்டு விழா, பிறந்தநாள், கூட்டம், கலை நிகழ்ச்சி என்று வரிசையாகப் பெட்டிகள். கடைசிப் பெட்டி ‘வேறு’. நான் அதற்கு நேரே சரி போட்டு, பக்கத்துக் கோட்டில் ‘நினைவேந்தல்’ என்று எழுதிக் கொடுத்தேன். முகப்பில் இருந்த பிள்ளை வாசித்தார், என்னைப் பார்த்தார், திரும்ப வாசித்தார்.

“அண்ணை, அந்தியேட்டியோ?”

“இல்லைத் தங்கச்சி. ஊர் இடம்பெயர்ந்த நாள்.”

“அதுக்கு இதில பெட்டி இல்லையே.”

அவரில் பிழை சொல்ல முடியாது. செத்த வீட்டுக்குப் பிறகு வரும் அந்தியேட்டிக் கிரியைச் சாப்பாடு என்றால் எல்லாம் தெரிந்த கணக்கு. வாடகை இவ்வளவு, வைப்புப் பணம் இவ்வளவு, சமையல் பின் வளவில், வாழையிலை போடும் இடம் வேலியோரம். எங்களுடையதற்கு அப்படி ஒரு வழமை இல்லை. படிவத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனவர் பத்து நிமிடம் கழித்து வந்தார். “செயலாளர் சொல்லுறார், இது சபைக்குப் போகவேணுமாம்.”

இது 2025 ஓகஸ்ட் கடைசியில். நாங்கள் கேட்ட நாள் ஒக்டோபர் 30.

அந்தத் திகதி யாழ்ப்பாணத்தில் எங்கள் வயதுக்காரருக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. வெளியூர்க்காரர்கள் வாசித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். 1995 ஒக்டோபர் 17ஆம் திகதி இராணுவம் ‘சூரியக்கதிர்’ நடவடிக்கையைத் தொடங்கி, குடாநாட்டின் மேற்குப் பகுதியான வலிகாமத்துக்குள் இறங்கியது. 30ஆம் திகதி பின்னேரம் ஒலிபெருக்கி கட்டிய வாகனங்கள் ஒழுங்கை ஒழுங்கையாக வந்து, எல்லோரும் உடனே கிழக்கே தென்மராட்சிப் பக்கம் போய்விட வேண்டும் என்று அறிவித்தன. அறிவித்தது புலிகள். வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் வீதிக்கு வந்தது. எனக்கு அப்போது 14 வயது. மழை. அம்மம்மாவை அப்பா சைக்கிள் கரியரில் இருத்தி, விழாமல் இருக்க ஒரு நூல் சேலையால் சீற்றோடு சேர்த்துக் கட்டினார். சைக்கிளை ஓட்ட முடியாது, உருட்டத்தான் முடியும். அதையும் நாவற்குழிப் பாலத்துக்குக் கிட்ட உருட்ட முடியவில்லை. அரை மணித்தியாலத்தில் போகிற தூரம் எங்களுக்கு விடியும்வரை எடுத்தது. அம்மம்மா இடையிடையே கேட்டுக்கொண்டிருந்தது ஒன்றுதான்: “படலை பூட்டினதோ?” பூட்டவில்லை. ஒருவரும் அவவுக்குச் சொல்லவுமில்லை.

கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தோம். மூன்றாவது கிழமை அம்மம்மா செத்துப்போனா. தெரியாத ஊரில், யாரோ காட்டிவிட்ட சுடலையில் எரித்தோம். அடுத்த வருஷம் ஏப்ரலில் தென்மராட்சியும் இராணுவத்திடம் போக, வந்த வழியே திரும்பி நடந்தோம். அந்த ஆறு மாதத்துக்குள் எங்கள் ஊரில் இப்படிப் போனவர்களின் பெயர்கள் வாசிகசாலையில் ஒரு சீ.ஆர். கொப்பியில் இருக்கின்றன. மொத்தம் 17. பக்கத்தில் காரணம் எழுத ஒரு நிரல். காய்ச்சல், வயிற்றோட்டம், ஷெல், வயது. ஒரு பெயருக்கு நேரே ‘மனவருத்தம்’ என்று எழுதி, அதை வெட்டிவிட்டு ‘காய்ச்சல்’ என்று எழுதியிருக்கிறார்கள்.

வருஷா வருஷம் வாசிகசாலைத் தகரக் கொட்டகையில் 17 சிட்டி விளக்கு ஏற்றிப் பெயர்களை வாசிப்போம். பதினைந்து, இருபது பேர் வருவார்கள். 30ஆவது வருஷம் சபையின் பொது நூலக மேல்மாடி மண்டபத்தில் செய்ய வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் வாசிகசாலைப் பொருளாளர். ஊருக்கு அவர் மாஸ்டர். “தகரத்துக்குக் கீழ வைச்சால் அது எங்கட வீட்டு அலுவல். அந்தச் சனம் இந்தச் சபைக்குச் சோலைவரி கட்டின சனம். அவையின்ர மண்டபம் அது” என்றார். கொப்பியில் இருக்கும் ஒருவரின் 1994ஆம் ஆண்டுச் சோலைவரி (வீடு வளவுக்குச் சபை அறவிடும் வரி) பற்றுச்சீட்டையும் எங்கிருந்தோ தேடி எடுத்து விண்ணப்பத்தோடு இணைக்கச் சொன்னார். இணைத்தேன்.

முன்பும் ஒரு தடவை கேட்டிருக்கிறோம், 2023இல். அப்போது சபையே இல்லை. 2018இல் தெரிவான உள்ளூராட்சி சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்துவிட்டது. அடுத்த தேர்தல் 2025 மே 6ஆம் திகதிதான் நடந்தது. இடையில் இரண்டு வருஷத்துக்கு மேல் செயலாளர்கள்தான் எல்லாம். அப்போதிருந்த செயலாளர் நல்ல மனிதர், தேத்தண்ணி தந்தார். “கலியாணத்துக்கு நான் கையெழுத்து வைப்பன். இதுக்குச் சபை இருந்தால் சபையில போட்டு எடுக்கலாம். நான் தனிய எப்படி?” என்றார். மாகாண சபையும் 2018 ஒக்டோபரில் காலம் முடிந்ததோடு சரி, அதற்குப் பிறகு தேர்தல் இல்லை. அந்தச் சபையின் கட்டடம் நாங்கள் அன்றைக்கு மழையில் நடந்த அதே ஏ9 வீதியில், கைதடியில் நிற்கிறது. பஸ்ஸில் போகும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பேன்.

சபைக்குப் போகவேண்டும் என்றதும் எனக்குச் சினம்தான் வந்தது. ஒரு மண்டபம், இரண்டரை மணித்தியாலம், 17 விளக்கு. இதற்கு வாக்கெடுப்பா? அப்போதுதான் பழைய வேலை ஒன்று ஞாபகம் வந்தது.

நான் வீட்டிலிருந்து மொழிபெயர்ப்புச் செய்து பிழைக்கிறவன். சில வருஷங்களுக்கு முன் அமெரிக்கக் காங்கிரஸின் தீர்மானங்கள் சிலவற்றைத் தமிழாக்கித் தரும் வேலை வந்தது. அதில் ஒன்று ஒரு மண்டபத்தைப் பற்றியது. வாஷிங்டன் கப்பிட்டல் கட்டடத்தின் நடுவில், பெரிய கவிமாடத்துக்குக் கீழே ஒரு வட்ட மண்டபம் இருக்கிறது. 96 அடி குறுக்களவு, 180 அடி உயரம். 1865இல் ஆபிரகாம் லிங்கனின் உடலை வைத்தது அங்கேதான். 2005இல் ரோசா பார்க்ஸ் அம்மையாரின் உடல் வைக்கப்பட்டதும் அங்கேதான். அந்த மண்டபத்தில் ஒரு நிகழ்வு வைக்க வேண்டுமானால் ஜனாதிபதி சொன்னாலும் காணாது. பிரதிநிதிகள் சபை ஒரு பிரேரணையை நிறைவேற்ற வேண்டும், செனற் அதற்கு இணங்க வேண்டும். இரண்டு சபையும் ஒத்துக்கொண்டால் சரி, அது ஜனாதிபதியின் கையெழுத்துக்குப் போவதில்லை. அது சட்டமும் இல்லை. இரண்டு வீட்டுக்காரர் சேர்ந்து பொது முற்றத்தை இன்ன நாளுக்கு விடுவதுபோல.

என் கையில் வந்தது நாசிகள் நடத்திய ஹோலோகோஸ்ட் இனப்படுகொலையில் கொல்லப்பட்டவர்களை நினைவுகூரும் நாட்களுக்கானது. 1979 ஏப்ரலில் முதல் நிகழ்வு அந்த வட்ட மண்டபத்தில் நடந்தது. ஜனாதிபதி கார்ட்டர் வந்து பேசினார். அடுத்த வருஷம், இதை ஆண்டுதோறும் நடத்துவதையும் பொறுப்பாகக் கொடுத்து, காங்கிரஸ் சட்டத்தால் ஒரு நினைவு மன்றத்தை அமைத்தது. ஆறு மெழுகுதிரி ஏற்றுவார்கள், கொல்லப்பட்ட 60 இலட்சம் யூதர்களுக்காக. நாள் எபிரேய நாட்காட்டிப்படி வருவதால் எங்கள் திதி மாதிரி வருஷத்துக்கு வருஷம் மாறும். அதனால் ஒவ்வொரு முறையும் புதிதாகத் திகதி போட்டு, புதிதாகப் பிரேரணை வைத்து, பெரும்பாலும் எதிர்ப்பே இல்லாமல் நிறைவேற்றுவார்கள். பிறகு பார்வையாளர் நிலையத்தில் கட்டிய விடுதலை மண்டபத்திலும் நடந்திருக்கிறது. கப்பிட்டலைக் கட்ட உழைத்த அடிமைகளை நினைத்து வைத்த பெயர் அது. அந்த மண்டபத்துக்கும் இதே நடைமுறைதான்.

பிரேரணை மொத்தம் இரண்டு வசனம். இன்ன திகதியில் இன்ன நிகழ்வுக்காக வட்ட மண்டபத்தைப் பயன்படுத்த அனுமதிக்கப்படுகிறது என்பது ஒன்று. நிகழ்வுக்கான பௌதிக ஏற்பாடுகள் கப்பிட்டலின் கட்டடப் பொறுப்பாளர் விதிக்கும் நிபந்தனைகளுக்கு அமைய இருக்க வேண்டும் என்பது மற்றது. ‘பௌதிக ஏற்பாடுகள்’ என்ற சொல்லோடு அப்போது அரை நாள் மல்லுக்கட்டினேன். கதிரை அடுக்குவது, ஒலிவாங்கி வயர் இழுப்பது, இதுகள்தானே. ‘மண்டப ஏற்பாடுகள்’ என்று போட்டிருக்கலாம். துணிவு வரவில்லை.

இதை மாஸ்டருக்குச் சொன்னேன். “இரண்டு வரியோ? எங்கட சேர்மன்ர வரவேற்புரை அதைவிட நீளம்” என்றார். அப்புறம் கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஒருக்காச் சட்டம் போட்டு விட்டால் முடிஞ்சுதே, ஏன் ஒவ்வொரு வருஷமும் கேக்கினம்?” என்றார். எனக்கும் அதே கேள்விதான். திகதி மாறுவது ஒரு காரணம், அதற்குமேல் என்னிடம் அப்போது பதில் இல்லை.

ஒரு மண்டபத்தின் கதவு என்ன செய்யும் என்பது மாஸ்டருக்குத் தெரியும். 1974 ஜனவரி 10ஆம் திகதி அவர் வீரசிங்கம் மண்டபத்துக்கு முன்னால் நின்றவர், இளந்தாரியாக. நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் கடைசி நாள் கூட்டத்தை மாநகர சபையின் திறந்தவெளி அரங்கில் வைக்க ஏற்பாட்டாளர்கள் நினைத்திருந்தார்கள். கதவு திறக்கவில்லை. சனம் நிறைந்துவிட்டது, என்ன செய்வது? கூட்டுறவாளர்களின் வீரசிங்கம் மண்டபத்துக்கு வெளியே மேடை போட்டு, சனம் வீதியும் புல்வெளியுமாக இருந்தது. பிறகு பொலிஸ் புகுந்து கலைத்த குழப்பத்திலும் அறுந்து விழுந்த மின்கம்பியிலுமாக 9 பேர் இறந்தார்கள். இன்றைக்கு அவர்களுக்கு அங்கேயே நினைவுத் தூண்கள் நிற்கின்றன. மாஸ்டர் அந்த நாளைப் பற்றிக் கதைத்தால் பொலிஸைவிடக் கூடுதலாகக் கதைப்பது பூட்டைப் பற்றித்தான். “இன்னமும் அந்தப் பூட்டு எனக்குக் கண்ணுக்குள்ள நிக்குது” என்பார்.

ஒக்டோபர் மாத அமர்வுக்கு நாங்கள் இருவரும் போனோம். பார்வையாளருக்குச் சுவரோரம் இரண்டு வாங்கு. நிகழ்ச்சி நிரலில் எங்களுடையது 11ஆவது. அதற்கு முன்னால் குப்பை உழவு இயந்திரத்தின் ரயர், சந்தைக் குத்தகை, எரியாத வீதி விளக்குகள், பிறகு கட்டாக்காலி மாடுகள். மாடுகள் ஐம்பது நிமிடம் எடுத்தன. பிடிக்கிற மாட்டை எங்கே கட்டுவது, கட்டினால் வைக்கோல் யார் போடுவது, உரிமையாளர் வராவிட்டால் என்ன செய்வது. பகிடி இல்லை, இரவில் மாட்டில் மோதிச் செத்தவர்கள் எங்கள் பகுதியில் இருக்கிறார்கள். ஆனாலும் மாஸ்டர் என் காதுக்குள், “நாங்கள் மாடாய்ப் போயிருந்தால் இவ்வளவுக்கு அலுவல் முடிஞ்சிருக்கும்” என்றார்.

எங்கள் வட்டார உறுப்பினர் பிரேரணையை முன்வைத்தார். இன்னொருவர் வழிமொழிந்தார். முதல் ஆட்சேபம் நான் எதிர்பார்த்ததுதான். “இண்டைக்கு இவைக்குக் குடுத்தால் நாளைக்கு எல்லாரும் வருவினம்.” இரண்டாவது ஆட்சேபம் குரலைத் தணித்து வந்தது. “பிறகு ஆராவது வந்து விசாரிச்சால் ஆர் பதில் சொல்லுறது?” கொஞ்ச நேரம் எல்லோரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். தவிசாளர் ஒரு நல்ல பதில் சொன்னார். “செயலாளர் குடுத்தால் செயலாளரைக் கேப்பினம். சேர்மன் குடுத்தால் என்னைக் கேப்பினம். சபை குடுத்தால் கூட்டறிக்கையைக் காட்டுவம்.” எனக்கு அந்த இடத்தில் சினம் கொஞ்சம் இறங்கியது. தெரிந்த ஒருவரைப் பிடித்து, பின்கதவால் திறப்பு வாங்கியிருந்தால் அந்தத் திறப்புக்குப் பின்னால் ஒரு தனி ஆளின் பயம்தான் இருந்திருக்கும்.

அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் உறுப்பினர் கை உயர்த்தினார். முதல்முறை உறுப்பினர், 1998இல் பிறந்தவராம், அதை அவரே சொல்லித்தான் தொடங்கினார்.

“எனக்கு ஒரு சந்தேகம். ஒக்டோபர் 30 எண்டால், தொண்ணூறாம் ஆண்டும் அதே திகதிதானே? முஸ்லிம் சனத்தை வெளியேற்றினது?”

நான் அந்தப் பிள்ளையைப் பார்க்கவில்லை. என் விண்ணப்பத்தை நினைத்தேன். இரண்டு பக்கம் எழுதியிருந்தேன், ஐந்து தடவை திருத்தியிருந்தேன். 1990 என்று ஒரு இடத்திலும் இல்லை.

எனக்குத் தெரியாததல்ல. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களை மைதானத்துக்கு அழைத்து, இரண்டு மணித்தியாலத்துக்குள் போகச் சொன்னார்கள். சொன்னது அதே புலிகள். அந்த மாதத்துக்குள் வடக்கு முழுவதிலுமிருந்து 70,000க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். எனக்கு அப்போது 9 வயது. எங்கள் சந்தையில் தையற்கடை வைத்திருந்தவர் ஒரு முஸ்லிம். அம்மா அந்தக் கிழமைதான் இரண்டு சட்டைத் துணி தைக்கக் கொடுத்திருந்தா. ஒன்று மஞ்சள், மற்றது கத்தரிப்பூ நிறம். கடை பூட்டிக் கிடந்தது. சந்தைக்குப் போகும்போதெல்லாம் அம்மா அந்தப் பூட்டைப் பார்த்துவிட்டுத்தான் வருவா. மூன்றாம் மாதம் பூட்டு உடைந்திருந்தது, உள்ளே மெசினும் இல்லை, துணியும் இல்லை. “என்ர துணி போகட்டும், அந்த மனுசன் மெசினில்லாமல் என்ன செய்யுதோ” என்று அம்மா ஒரு நாள் சொன்னா. அதற்குப் பிறகு வீட்டில் அந்தக் கதை இல்லை. ஐந்து வருஷம் கழித்து அதே திகதியில் எங்கள் படலையைப் பூட்டாமல் போனபோதும் ஒருவரும் அதை எடுக்கவில்லை. நானும் 30 வருஷமாக எடுக்கவில்லை.

சபையில் சத்தம் கூடியது. “உதை இதுக்குள்ள கொண்டுவந்து கலக்க வேண்டாம்” என்றார் ஒருவர். “அது வேற, இது வேற” என்றார் இன்னொருவர். பிள்ளை உட்காரவில்லை. “திகதி ஒண்டுதானே ஐயா. மண்டபம் சபையின்ர. 90க்கு முதல் சோலைவரி அவையும் கட்டியிருப்பினம்.” மாஸ்டரின் கை என் தொடையில் இறுகியது. அவருடைய வாக்கியம்தான் அது. அவர் சொல்லிக் கொடுக்கவில்லை, விண்ணப்பத்தில் அதை எழுதியிருந்தது நான்தான்.

சரி, இரண்டு வருஷத்தையும் சேர்ப்போம் என்று தவிசாளர் ஒரு முடிவுக்கு வந்தார். பிறகு சிக்கியது வினைச்சொல். செயலாளர் பேனாவோடு கேட்டார், “என்னெண்டு எழுதிறது?” எங்களுக்கு 95 ‘இடப்பெயர்வு’. முஸ்லிம்களுக்கு 90 ‘வெளியேற்றம்’. ஒன்றில் ஆட்கள் தாங்களாகப் பெயர்கிறார்கள், மற்றதில் ஒருவர் வெளியேற்றுகிறார். ‘வெளியேற்றப்பட்ட’ என்று எழுதினால் யாரால் என்று கேள்வி வரும். 95இலும் எங்களைக் கிளப்பியது முன்னேறி வந்த இராணுவமா, ஒலிபெருக்கியா என்பதில் ஊரில் இன்றைக்கும் ஒரு முடிவு இல்லை. ‘இடம்பெயர்ந்த’ என்று எழுதினால் 90க்கு அது பொய். பத்து நிமிடம் இழுபட்டது. தவிசாளர் களைத்துப்போய் வாங்கைப் பார்த்தார். “நீங்கள் மொழிபெயர்ப்புச் செய்யிறனீங்கள்தானே, ஒரு சொல்லுச் சொல்லுங்கோவன்.” பார்வையாளர் கதைக்கக் கூடாது என்பது விதி. ஒருவரும் விதியை ஞாபகப்படுத்தவில்லை.

நான் எழும்பி, “‘வெளியேற நேர்ந்தவர்கள்’ எண்டு போடலாம்” என்றேன்.

எல்லோருக்கும் பிடித்துவிட்டது. பிள்ளை மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தார். செய்தவனே இல்லாமல் ஒரு காரியத்தை நடத்திவிடத் தமிழில் எத்தனையோ வழி இருக்கிறது. நேர்ந்தது, நடந்தது, ஆயிற்று, போயிற்று. அந்த வழிகளில் ஒன்றைக் கேட்ட உடனே எடுத்துக் கொடுக்கும் அளவுக்கு எனக்குத் தொழில் பழகியிருந்தது.

கை உயர்த்தி வாக்கெடுத்தார்கள். ஆதரவு 12, எதிர்ப்பு 3, நடுநிலை 7. நடுநிலை வகித்தவர்களில் இருவர் பிறகு வெளியில் வந்து தேத்தண்ணியோடு எங்களுக்கு வாழ்த்துச் சொன்னார்கள். தீர்மானம் இரண்டு வசனத்தில் முடிந்தது. முதலாவது திகதி, நேரம், மண்டபம், யாருக்காக. இரண்டாவது, ஏற்பாடுகள் செயலாளர் விதிக்கும் நிபந்தனைகளுக்கு அமைய இருக்க வேண்டும். வாஷிங்டனில் யாரும் எங்கள் சபைக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. பொதுக் கட்டடத்தைக் கொடுக்கிறவர்களுக்கு எங்கேயும் இரண்டு கவலைதான் போல.

நிபந்தனைகள் ஒரு கடதாசியில் வந்தன. ஆணி அடிக்கக் கூடாது. ஒலிபெருக்கி வெளியே கட்டுவதாயின் பொலிஸ் அனுமதி. நிலத்தில் எண்ணெய் சிந்தக் கூடாது, மாபிள் புதிது. வெளியே ஒலிபெருக்கி வேண்டாம் என்று மாஸ்டர் அப்போதே சொல்லிவிட்டார். காரணம் கேட்க வேண்டியிருக்கவில்லை.

ஒக்டோபர் 30 வியாழக்கிழமை. 120 கதிரையில் 90 போல நிறைந்தது. அகவணக்கம், பெயர் வாசிப்பு, விளக்கு. விளக்கு இந்த முறை 18. பதினெட்டாவதை ஏற்ற, யாழ்ப்பாண முஸ்லிம்களின் சோனகத் தெருவுக்குத் திரும்பி வந்திருக்கும் ஒரு பெரியவரை அழைத்திருந்தோம். நாங்கள் போய்க் கேட்டபோது உடனே ஒத்துக்கொள்ளவில்லை, மகனோடு கதைத்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். அன்றைக்கு வெள்ளைச் சாரமும் வெள்ளைத் தொப்பியுமாகத் தனியே பஸ்ஸில் வந்தார். பேசச் சொன்னோம், வேண்டாம் என்றார். விளக்கை ஏற்றிவிட்டுக் கடைசி வரிசையில் போய் இருந்தார். பிள்ளைகள் கேக்கும் பற்றிசும் வைத்த பெட்டி கொடுத்தபோது வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். “நோன்பு தம்பி. வியாழனிலை பிடிக்கிறனான். கொண்டுபோய்த் திறப்பன்” என்றார்.

மஃரிபுத் தொழுகைக்கு முதல் போகவேண்டும் என்று எழும்பினவரைப் படிவரை கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் நாங்கள் கட்டியிருந்த பதாகையில் சபையின் தீர்மானத்தை அப்படியே அச்சடித்திருந்தோம். கண்ணாடியைப் போட்டு நின்று வாசித்தார். முடிவில் விரலை அந்தச் சொல்லில் வைத்தார்.

“நேர்ந்ததோ, தம்பி?”

கோபமாகக் கேட்கவில்லை. ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்கிறவர்போலத்தான் கேட்டார். நான், “எழுதினது நான்தான் ஐயா” என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்துப் படி இறங்கினார். பஸ் தரிப்பிடம்வரை வந்தேன். வழியில் என் அம்மாவின் சட்டைத் துணிக் கதையைச் சொன்னேன். “சந்தைக்குள்ளையோ? மேற்குப் பக்கக் கடையோ?” என்று கேட்டார். ஓம் என்றேன். அவருக்கு அந்தத் தையற்காரரைத் தெரியும். புத்தளத்தில் இருந்தவராம், பிறகு ஒரு பழைய கை மெசின் வாங்கித் தைத்தவராம், இப்போது இல்லையாம். பஸ் வந்துவிட்டது.

இரவு அம்மாவுக்குச் சொன்னேன். அவவுக்கு 79 வயது, பாதி விசயம் மறந்துபோகும். “மெசின் வாங்கினவரோ? அது சரி” என்றா.

வைப்புப் பணம் திரும்பி வர ஜனவரியாகிவிட்டது. முகப்பில் அதே பிள்ளை. ஐயாயிரம் ரூபாவில் நானூறு கழித்திருந்தார்கள், பற்றுச்சீட்டில் ‘எண்ணெய்க் கறை அகற்றிய வகையில்’ என்று எழுதியிருந்தது. நியாயம்தான். பதினெட்டாவது சிட்டி கொஞ்சம் தளம்பியது, நான் பார்த்தேன். கூட்டறிக்கையின் பிரதியும் கேட்டு வாங்கினேன். கட்டாக்காலி மாடுகளுக்குக் கீழே, 11ஆவதாக, இரண்டு வசனம், வாக்குக் கணக்கு. என் பெயர் இல்லை, பார்வையாளர் பேசியதாக ஒரு குறிப்பும் இல்லை. அந்தச் சொல் சபையின் சொல்லாகவே பதிவாகிவிட்டது.

“அண்ணை, இந்த வருஷமும் செய்வியளோ?” என்று பிள்ளை கேட்டார். “அப்படியெண்டால் இப்பவே படிவத்தைத் தாங்கோ. போன முறை மாதிரிக் கடைசி நேரத்தில ஓடத் தேவையில்லை. தீர்மானம் திரும்பவும் எடுக்கத்தான் வேணும், போன வருஷத்தது போன வருஷத்தோட சரியாம்.”

“நல்லது” என்றேன்.

“அதே வசனத்தைப் போட்டு விடட்டோ? கொம்பியூட்டரில கிடக்குது.”

வேண்டாம் என்று சொல்லி, வெறும் படிவம் ஒன்றை வாங்கினேன். ஐந்தாவது கட்டத்தில் ‘வேறு’ என்பதற்கு நேரே அங்கேயே நின்று சரி போட்டேன். மிச்சத்தை நிரப்பவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அந்த உறுப்பினர்ப் பிள்ளையின் தொலைபேசி இலக்கத்தைக் கேட்டேன்.